இருபத்துமூன்று நிமிடம்

ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட பிளாஸ்டிக் நாற்காலிகளை மகள் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது குதிரைக்காரர் வாசலில் வந்து நின்றார். அந்தப் பெயர் அப்பா வைத்தது. செஸ் கிளப் போட்டிகளில் ஒன்பது வருஷமாக அப்பாவைக் குதிரையாலேயே மடக்கிவந்த தையல்காரர் அவர். “இன்னைக்கு அந்தாளை விட்டேனா பாரு” என்று காலையில் மீசையை நீவிக்கொண்டு கிளம்பிய அப்பா, இதோ கூடத்தில் உயிரில்லாமல் கிடக்கிறார். ஆட்டத்தின் நடுவில் மாரடைப்பு.

“உள்ள வாங்க அங்கிள்.”

அவர் வரவில்லை. “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காது.”

“சொல்லுங்க.”

“அவர் ஆடவேண்டிய முறை. கன்னத்துல கை வெச்சு உட்கார்ந்திருந்தார். இடியே விழுந்தாலும் நிமிரமாட்டாரே, யோசிக்கிறார்னு நினைச்சுட்டேன். கடிகாரத்துல அவர் நேரம் ஓடிட்டே இருந்துச்சு.”

“எவ்வளவு நேரம்?”

“இருபத்திமூணு நிமிஷம். அவர் மூஞ்சியைப் பார்க்கலைம்மா. கடிகாரத்தையே பார்த்துட்டிருந்தேன். நேரம் தீர்ந்தா நான் ஜெயிச்சேன். தீர்ந்ததும் நடுவரைக் கூப்பிட்டேன். அவர்தான் தொட்டுப் பார்த்தார்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? நெஞ்சுல ஈரமே இல்லையா உங்களுக்கு?”

“எதிராளி யோசிக்கும்போது பேசக்கூடாதும்மா. ரூல்.” சொன்ன வாயை அவரே கையால் பொத்திக்கொண்டார். “டாக்டர் என்ன சொன்னார்?”

‘கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே’ என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. இப்போது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிடலாம், இந்த ஆள் அனுபவிக்கட்டும். ஆனால் வீட்டிலும் அப்பா அப்படித்தானே உட்கார்ந்திருப்பார்? காபியை ஓசைப்படாமல் வைத்துவிட்டு நகர அவளும்தானே பழகியிருந்தாள்? நாற்காலிகளை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

குதிரைக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கை. தலை தொங்கியிருந்தது. அசைவே இல்லை.

அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அங்கிள்! அங்கிள்!”

“இருக்கேம்மா” என்றார் அவர், நிமிராமல்.

அவளுக்கு மூச்சு வாங்கியது.

“உயிர் உடனே போயிடுச்சாம் அங்கிள். கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காதாம்.”

“டாக்டரா சொன்னார்?”

“ஆமா” என்றாள், தோளிலிருந்து கையை எடுக்காமல்.