நாலு பத்துக்குக் கேட்ட சத்தம்

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" பேனா மூடியைத் திருகிக்கொண்டே டாக்டர் கேட்டார்.

"நாலரைக்கு" என்றாள் மருமகள்.

பொய் இல்லை. பார்த்தது நாலரைக்குத்தான். சத்தம் கேட்டது நாலு பத்துக்கு. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. இதுவரை.

மாமனாரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். குன்றுகளையும் ஏரிகளையும் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் பிடித்த மனிதர். படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை இன்னும் அவர் விரல்களில் இருந்தது. நாத்தனார் அந்த விரல்களைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா, டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. ஹார்ட் நின்னுடுச்சு. சில பேருக்குப் பத்து நிமிஷம் கிடைச்சாக்கூட..." மிச்சத்தைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பத்து நிமிடம். மருமகளின் கையில் இருபது இருந்தது.

அவர் படம் கழுவும் இருட்டறைக் கதவுக்கு மேல் ஒரு சின்னச் சிவப்பு பல்பு உண்டு. அது எரிந்தால், வீடே பற்றிக்கொண்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் அது தெரியாமல் காபி டம்ளரோடு திறந்துவிட்டாள். மேக நிழல் ஒரு சரிவின்மேல் சரியாக வந்து விழ வேண்டும் என்று மூன்று மழைக்காலம் காத்திருந்து அவர் எடுத்த பிலிம், வெளிச்சம் பட்டு ஒரு நொடியில் பாழ். "விடும்மா, குன்று எங்க ஓடிடப் போகுது" என்றவர் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நாத்தனார்தான் விடவில்லை. "அண்ணிக்கு வெளிச்சம்னே பேர் வெச்சுடலாம். கூப்பிடாமலே வந்து விழுவாங்க." ஆறு வருடமாகச் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

இன்று நாலு பத்துக்கு உள்ளே ஏதோ கனமாக விழுந்தது. "மாமா?" என்றாள். பதில் இல்லை. வேலையில் இருந்தால் அவர் பேசுவதில்லை. பல்பு எரிந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

ஆபீசிலிருந்து ஓடிவந்த கணவன், அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நேரே இருட்டறைக்குள் போனான். அவளும் பின்னாலேயே போனாள். உள்ளே ஏதாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ?

தொட்டியில் குழாய் திறந்தபடி இருந்தது. மருந்துத் தட்டில் கிடந்த தாளை அவன் இடுக்கியால் தூக்கினான். முழுக்கக் கறுப்பு.

"லைட்டப் போட்டியா?"

"போட்டேன். கீழ கிடந்தார், அதான்..."

"அதான் கருத்துடுச்சு." குரலில் கோபம் இல்லை. "பரவால்ல. நெகட்டிவ் இருக்கு."

அவ்வளவுதான். தப்பித்தாயிற்று. இனி இது அவளோடு போய்விடும். அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது. அந்த லேசுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

அவன் அறை விளக்கை அணைத்துவிட்டுப் படம் பெரிதாக்கும் கருவியைப் போட்டான். கீழே பலகையில் அந்தக் குன்று தலைகீழ் நிறத்தில் விழுந்தது. வானம் கறுப்பாக, நிழல் வெள்ளையாக.

"நிழலுக்குள்ளயும் புல் தெரியணும்பார் அப்பா" என்றான். "தெரியுது பாரேன். ஒவ்வொண்ணும்."

"ஏங்க."

"ம்."

"சத்தம் நாலு பத்துக்கே கேட்டுச்சு. நான் திறக்கல."

கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அண்ணா, அங்க என்ன பண்றே? அண்ணி எங்க?"

அவன் அவளைத் தாண்டி, முகத்தைப் பார்க்காமல், கதவருகே போனான். தரையில் கிடந்த கூடத்து வெளிச்சம் கோடாய்ச் சுருங்கி, அற்றுப்போனது. உள்பக்கத் தாழ்ப்பாள் விழுந்தது.

தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இருவரில் யாரும் குழாயை மூடவில்லை.