தையல்காரர் பொறுக்கிய அரிசி

1

இந்தக் கதை எனக்கு மளிகைக் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண், "சத்து சேத்த அரிசியா? அந்தப் பிளாஸ்டிக் கலந்தது வேண்டாம்பா" என்று பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள். கடைக்காரர் முகம் தொங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்: 'வளரும் நாடுகளில் செறிவூட்டிய அரிசிக்கான தேவை என்பது...'

(எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

2

ஆகவே ஒரு தையல்காரர். அவர் மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். உடம்பில் ரத்தம் குறைவு, இப்படியே போனால் பிரசவம் சிக்கலாகும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். மாத்திரை போட்டால் குடலைப் புரட்டுகிறது. அதனால் அந்தச் சத்து அரிசியைத் தேடிப்பிடித்து வாங்குகிறாள். கணவர் பயந்துவிடுவார் என்று அவரிடம் மூச்சு விடவில்லை. ஆனாலும் ரத்தம் ஏறவில்லை.

3

எப்படி ஏறும்? அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், மனைவி குனியக் கூடாதென்று அரிசி பொறுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்கும் கண் அல்லவா! சற்றே மஞ்சளாக இருக்கும் மணி ஒன்றும் தப்பாது. சத்து இருப்பதோ அவற்றில்தான்.*

* அரிசி மாவோடு இரும்புச்சத்தைக் கலந்து, அரிசி போலவே அச்சில் செய்த மணிகள். பிளாஸ்டிக் இல்லவே இல்லை. இதைக் கதைக்குள் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

4

இன்றுதான் அவள் முறத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது, தனியா ஒதுக்கி வச்சிருக்கீங்க?"

"கெட்டுப்போன அரிசிம்மா. தினம் பொறுக்கி வெளிய கொட்டிடுவேன். உனக்கும் புள்ளைக்கும் போறது சுத்தமா இருக்க வேணாமா?"

என்ன பெருமை அந்த முகத்தில்! அவள் வாயைத் திறந்தாள்.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். அவர் இடிந்துபோய்... (வேண்டாம். இந்த மனிதரை அழவைக்க எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: "நானே கொட்டிடறேன்" என்று வாங்கி, அவர் அசந்த நேரம் உலையில் போட்டுவிடுகிறாள். (எத்தனை நாளைக்கு?)

5

எனக்கு இருவரையும் பிடித்துப்போய்விட்டது. அதுதான் தொல்லை. உலை கொதிக்கிறது. அவள் இன்னும் வாயைத் திறந்தபடியே நிற்கிறாள். அவரோ ஒதுக்கிய மணிகளை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். மனம் நோகாமல் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால், வாசலைத் தாண்டுவதற்குள் அவரைக் கூப்பிடுங்கள்.