வடக்குப் பார்த்த கூரை

1.

இந்தக் கதை ஒரு புழுகில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில், நம்மவர்கள் சிலர் பொங்கல் மலர் போடுகிறார்கள். சூழலைக் காக்கவும் காலநிலை மாற்றத்துக்கு முகங்கொடுக்கவும் அங்குள்ள ஊர்ச்சனம் என்ன செய்கிறது என்று நம்பிக்கை தரும் கதை ஒன்று வேண்டுமாம். மொன்றியலில், கர்க்லாண்டில் குடியிருக்கும் சிவாஜினியிடம் கேட்டார்கள்.

"உங்களுக்கு அவுஸ்திரேலியா தெரியும்தானே?"

"ஓம், ஓம். வடிவாத் தெரியும்."

அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. தங்கை வித்தியா அந்த ஊரில் இருக்கிறாள், அவ்வளவுதான். தங்கை இருக்கும் நாடு தனக்கும் தெரிந்த நாடு என்று எண்ணிவிட்டாள்.

இன்னொன்று. சிவாஜினி என்பது நான்தான். 'நான்' என்று எழுதினால் என்னை நானே மெச்சுவதுபோல வந்துவிடும். 'அவள்' என்றால் திட்டுவதற்கு வசதி. ஆகவே அவள்.

2.

தொடக்கங்கள். மூன்றையும் அழிக்காமல் விடுகிறேன், பட்ட பாட்டை நீங்களும் பாருங்கள்.

"பூமித்தாய் காய்ச்சலில் அனுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய நெற்றியில் ஈரத்துணி போட" (சீ! போதும்.)

"தை மாதக் குளிரில் கைகளைத் தேய்த்தபடி வித்தியா பொங்கற்பானையை" (தை அங்கே கோடை, மடைச்சி.)

"ஊர் மண்டபத்தின் தெற்குப் பார்த்த கூரையில் சோலர் பனல்கள் வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தன."

இது நன்றாக இருக்கிறதே என்று சிவாஜினி தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். உடனே தங்கைக்குப் போன் எடுத்து வாசித்தும் காட்டினாள்.

"அக்கா, எந்தப் பக்கம் எண்டனீ?"

"தெற்குப் பக்கம். ஏன், இஞ்ச எல்லாரும் தெற்குப் பக்கம்தானே பூட்டினம்?"

"இஞ்ச வெயில் வடக்கால வரும். நீ முழுப் பனலையும் நிழலுக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறாய். ஒரு பல்ப் எரியாது!"

பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனாலும் அந்த உருண்டையின் அடிப்பக்கத்தில் சூரியன் வடக்கே நிற்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தெற்கை வெட்டி வடக்கு என்று போட்டாள். ஒரு சொல்தான் மாறியது. மாறிய பிறகோ மற்ற ஒவ்வொரு சொல்லின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

3.

தங்கையிடம் கேட்டு எழுதிய கதை இது.

அந்த ஊரில் கோடையில் காட்டுத்தீ வரும். வெயில் கொளுத்திக் காற்றும் அடிக்கும் நாட்களை முழுத் தீத்தடை நாள் என்று அறிவிப்பார்கள். அன்றைக்கு வெளியில் விறகடுப்பு மூட்டக் கூடாது. தைப்பொங்கல் வருவதோ சரியாக அந்தக் கோடையின் நடுவில்.

ஊரவர்கள், வெள்ளைக்காரரும் நம்மவரும் சேர்ந்து, பொது மண்டபத்தின் கூரையில் சோலர் பனல் போட்டு உள்ளே பெரிய பற்றரி ஒன்றும் வைத்துவிட்டார்கள். நெருப்பு நாளிலும் வெக்கை நாளிலும் வயதானவர்களும் வருத்தக்காரரும் அங்கே வந்து இருக்கலாம். ஏசி ஓடும், மருத்துவ மெசின்கள் ஓடும். இனி வேண்டியது ஆட்கள்தான். திறப்போடு ஓடிவந்து கதவைத் திறக்க, வீடுவீடாகப் போய் ஆட்களைக் காரில் ஏற்றிவர, முறைபோட்டு ஆட்கள் வேண்டும். தமிழ்க் குடும்பங்களைச் சேர்க்கும் பொறுப்பை வித்தியா எடுத்தாள்.

தமிழ்க் குடும்பங்கள் பேரின்பநாதன் அண்ணையின் முகத்தைப் பார்த்தன. அங்கே முதலில் வந்து குடியேறியவர் அவர். அவர் 'ஓம்' என்றால் எல்லாரும் 'ஓம்'.

அண்ணை கூரையைப் பார்த்தார். பற்றரியைப் பார்த்தார். "ஏலாது" என்றுவிட்டுப் போய்விட்டார்.

4.

ஏன் ஏலாது? வித்தியாவுக்குத் தெரியவில்லை. சிவாஜினிக்கோ காரணம் தேவைப்படவில்லை. கதைக்கு ஒரு வில்லன் வேண்டும், வில்லன் தானாகவே வந்து நிற்கிறார், விடுவாளா? எழுதித் தள்ளினாள்:

"பேரின்பநாதன் மீசையை முறுக்கினார். 'விறகில்லாமல் ஒரு பொங்கலா!' என்று மண்டபம் அதிரக் கர்ச்சித்தார்."

இதை வித்தியா, புத்தி இருந்தால் செய்வாளா, அவரிடமே காட்டிவிட்டாள்.

சென்ட் லோரன்டில் வேலை முடிந்து, பஸ்ஸுக்காகக் குளிரில் நின்ற சிவாஜினியின் போன் அடித்தது.

"பிள்ளை, நான் பேரின்பநாதன் கதைக்கிறன். எனக்கு மீசையே இல்லை."

"ஐயோ அண்ணை... அது சும்மா, கற்பனை..."

"கற்பனையெண்டால் பேரை மாத்தியிருக்கலாமே. சரி, அதை விடும். விறகைப் பற்றி நான் வாயே திறக்கேல்லை. விறகடுப்பு வேண்டாமெண்டு முதல்முதல் சொன்னதே நான்தான். கேளும். போன கோடையில மலையில நெருப்பு. எங்கட வீட்டுக்குக் கிட்டவும் வரேல்லை. ஆனா லைன் எரிஞ்சு கரண்ட் நிண்டுபோச்சு. என்ர மனிசி சிவநேசத்துக்கு ஒட்சிசன் மெசின் எந்நேரமும் ஓட வேணும். மெசின் கத்துது. அவ என்ர முகத்தைப் பார்க்கிறா. சின்னச் சிலிண்டர் ஒண்டை அவவின்ர மடியில வைச்சுக்கொண்டு புகைக்குள்ளால கார் ஓடினன். சிலிண்டர் முடியமுதல் ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேருவனோ எண்டு... நெருப்பு வந்தால் முதல்ல போறது கரண்ட்தான் பிள்ளை. அதை நம்பி அவவைக் கொண்டுவந்து அந்த மண்டபத்துக்குள்ள இருத்தச் சொல்லினம். அதுதான் ஏலாது எண்டனான்."

பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. வில்லனும் கைநழுவிப் போய்விட்டார், அது வேறு கவலை.

"அதால வித்தியாட்டைச் சொல்லிப்போட்டன்" என்றார் அவர். "பொங்கலண்டைக்கு மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு, கூரை வெயிலில பொங்கிக் காட்டட்டும். காட்டினால் முதல் கை என்ர கை. இதை எழுதும்."

(ஓர் அடிக்குறிப்பு: வெறும் சோலர் மட்டும் என்றால் ஊர்க் கரண்ட் போனதும் அதுவும் சேர்ந்து படுத்துவிடுமாம். பற்றரியும் அதற்கேற்ற இணைப்பும் இருந்தால்தான் மண்டபம் தனியாக ஓடும். வித்தியா இதை எனக்கு விளக்கி விளக்கிக் களைத்துப்போனாள். அவளுக்கு எரிச்சல் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது.)

5.

முடிவுகள்.

அ) பால் பொங்குகிறது. அண்ணை கை தூக்குகிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். (மலர்க்குழுவுக்குப் பிடிக்கும். எனக்கு நித்திரை வருகிறது.)

ஆ) பால் பொங்கவில்லை. அண்ணை கை தூக்கவில்லை. அடுத்த நெருப்பில் சிவநேசக்காவின் மெசின் (எழுத மாட்டேன். எழுதிவிட்டு, அப்படியே நடந்துவிட்டால்?)

இ)

இ என்று போட்டுவிட்டுச் சிவாஜினி நெடுநேரம் இருந்தாள். கடைசியில் வித்தியாதான் வழி சொன்னாள்.

"முடிவை ஏன் நீ யோசிக்கிறாய்? வீடியோவில வா. நடக்கிறதைப் பார்த்து எழுது."

6.

அங்கே தைப்பொங்கல் காலை. இங்கே மார்கழியின் கடைசிப் பின்னேரம். சிவாஜினி மார்கழிக்குள் இருந்துகொண்டு தையைப் பார்த்தாள். கர்க்லாண்டில் விடிந்ததிலிருந்து உறைமழை. மரக்கிளை, வேலி, கார்க் கண்ணாடி எல்லாம் பனிக்கட்டி பூசி மினுங்கின. புருசன் டவுன்டவுனில் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார். அவள் மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து, தேத்தண்ணியோடு உட்கார்ந்தாள்.

திரையில் மண்டபம். அன்றைக்கு அங்கே முழுத் தீத்தடை. வாசலோரம் மேசையில் இண்டக்சன் அடுப்பு, புதுப் பித்தளைப் பானை, கழுத்தில் மஞ்சள் இலையும் இஞ்சி இலையும். வித்தியா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி நின்றாள். பேரின்பநாதன் அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உண்மைதான், மீசை இல்லை. பக்கத்துக் கதிரையில் சிவநேசக்கா. மூக்கில் மெல்லிய குழாய், காலடியில் சின்னச் சிலிண்டர்.

"என்ர மெசினையும் இந்தக் கரண்டில கொழுவுங்கோ. பேந்து மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ" என்றார் அவர்.

"உனக்கென்ன விசரோ?" அண்ணை திடுக்கிட்டுவிட்டார்.

"நிக்கிறதெண்டால் இப்ப நிக்கட்டும். சிலிண்டர் கைக்குள்ள இருக்கு, இத்தினை பேர் இருக்கினம். நெருப்புக்குள்ள வைச்சோ சோதிச்சுப் பார்க்கிறது?"

மெசினைக் கொழுவினார்கள். வித்தியா போய் மெயின் சுவிச்சைக் கீழே இழுத்தாள்.

விளக்குகள் ஒருமுறை கண்சிமிட்டின. மெசின் நிற்கவில்லை. அதே முனகலோடு ஓடியது. சிவநேசக்கா புருசனைப் பார்த்து, "கேக்குதோ?" என்றார். அவர் குனிந்து மெசினில் காதை வைத்துப் பார்த்தார்.

சரி, பானை. வித்தியா பானையில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்துச் சுவிச்சை அமத்தினாள். அடுப்பு 'டிக், டிக்' என்றது. திரும்ப அமத்தினாள். டிக், டிக். பானை பச்சைத் தண்ணிபோலக் குளிர்ந்து கிடந்தது. அண்ணையின் முகம் இறுகியது. சனம் குசுகுசுக்கத் தொடங்கியது.

"எடியே வித்தியா!" சிவநேசக்கா சிரித்தே விட்டார். "பித்தளையில அது சூடேறாதடி! சில்வர்ப் பானை கொண்டா. காந்தம் ஒட்டுற பானையாப் பார்!"

(பனலைத் தெற்கில் பூட்டியவள் அக்கா. இண்டக்சனில் பித்தளை வைத்தவள் தங்கை. குடும்பம்தானே.)

யாரோ குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். முதல் சில்வர்ப் பானையில் காந்தம் வழுக்கி விழுந்தது. அடுத்ததில் பட்டென்று ஒட்டியது. சோறு வடிக்கிற பழைய பானை, ஒரு பக்கம் நெளிவு. மஞ்சள் இலையை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டினார்கள். பால் இடம் மாறியது. அடுப்பு இப்போது சத்தம் போடவில்லை.

பாலின் ஓரத்தில் நுரை கட்டியது. நுரை நடுவுக்கு வந்தது. அண்ணையின் கைகள் பின்னாலிருந்து மெல்ல அவிழ்ந்தன. பால் எழும்பியது, எழும்பியது, பானையின் கழுத்துக்கு

திரை கறுத்துப்போனது.

"போச்சு!" என்று கத்திவிட்டாள் சிவாஜினி. பற்றரி கைவிட்டுவிட்டது! மெசின்! சிவநேசக்கா! எழும்பிய வேகத்தில் கதிரை சரிந்தது. அப்போதுதான் பார்த்தாள்: சமையலறை விளக்கு இல்லை. தெருவிளக்கு இல்லை. பற்றரி செத்து நாளான அந்த மடிக்கணினியின் சார்ஜரில் சின்னப் பச்சைப் புள்ளியும் இல்லை.

கரண்ட் போனது அங்கே இல்லை. இங்கே.

7.

இருட்டுக்குள் கைத்தொலைபேசி அடித்தது. வித்தியாவின் இலக்கம். குரல் வேறு.

"பிள்ளை, படம் நிண்டு போச்சு. உமக்குக் கரண்ட் போட்டுதோ?"

"ஓம் அண்ணை, உறைமழை. எங்கையோ கிளை முறிஞ்சு லைனில விழுந்திருக்கும். பால்...?"

"வீட்டுச் சூடும் கரண்டிலயோ?"

"ஓம். அண்ணை, பால் பொங்கிச்சுதோ?"

"ராவைக்கு எவ்வளவுக்கு இறங்குமாம்?"

"மைனஸ் பதினெட்டாம். அண்ணை!"

"பொங்கிச்சுது, பொங்கிச்சுது. கிழக்கால வழிஞ்சுது. வழிஞ்ச கையோட அடுப்பு கீயெண்டு கத்திப்போட்டுத் தானா நிண்டிட்டுது. நான் கை தூக்கியாச்சு, எனக்குப் பின்னால எல்லாரும் தூக்கியாச்சு. திறப்பு இப்ப என்ர பொக்கற்றுக்குள்ள. அதை விடும். உங்கட தெருவில கரண்ட் போனால் எங்கை போவியள்? ஆரின்ர கதவைத் தட்டுவியள்?"

[மலர்க்குழுவினர் இங்கேயே வெட்டிக்கொள்ளலாம். நீங்கள் கேட்ட முடிவு வந்துவிட்டது, நம்பிக்கையும் இருக்கிறது.]

சிவாஜினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். முன்வீடும் இருட்டாகக் கிடந்தது. அங்கே ஒரு வயதான கியூபெக் மனிசி தனியாக இருக்கிறார். பனியைத் தானே வாருவார். இவளைக் கண்டால் கையசைத்து "பொன்ஜூர்" என்பார். இவளும் "பொன்ஜூர்" என்பாள். இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவுதான்.

"முன்வீட்டில ஒரு மனிசி இருக்கிறா..."

"பேர்?"

"கண்டால் பொன்ஜூர் எண்டுவா..."

"என்ன பிள்ளை" என்றார் பேரின்பநாதன் அண்ணை. கோபமாகச் சொல்லவில்லை. "உலகத்தின்ர இந்தத் தொங்கலில இருக்கிற எனக்கு மீசை வைச்சீர். முன்வீட்டு மனிசிக்கு ஒரு பேர் இல்லையோ?"

சிவாஜினி சப்பாத்தைப் போட்டாள்.

இல்லை. திட்டுவதற்கு ஆள் வைத்தது போதும். நான் சப்பாத்தைப் போட்டேன். கம்பளி ஒன்றையும், சுடுதண்ணிப் போத்தலில் மிச்சத் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டேன். தெரு முழுக்கக் கண்ணாடி. வழுக்கி வழுக்கி, வேலியைப் பிடித்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தேன். மணியை அமத்தினேன். சத்தம் இல்லை. கரண்ட் இல்லையடி, மடைச்சி! கையால் தட்டினேன்.

உள்ளே செருப்புச் சத்தம் மெல்ல மெல்ல வருகிறது. 'உங்கள் பெயர் என்ன' என்பதைப் பிரெஞ்சில் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை, மீசையும் வைக்கப் போவதில்லை. அவரே சொல்லட்டும். சொன்ன பெயரை இந்தக் கதையில் எழுதவும் மாட்டேன். அது எனக்கும் அவருக்கும்.

உங்களுக்கு வேறு வேலை. உங்கள் வீட்டில் இன்னும் கரண்ட் இருக்கிறதல்லவா? அந்த வெளிச்சத்திலேயே கீழே உள்ள இடத்தை நிரப்பிவிட்டு மலரை மூடுங்கள். தெரியாவிட்டால் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், நான் கதவடியில் நிற்கிறேன்.

முன்வீட்டில் இருப்பவரின் பெயர்: ........................