தப்பான ஆளுக்கு இருபது விநாடி

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் சீட்டிலிருந்து வந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட்டு மாட்டுங்காவில் பத்ரியின் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பத்ரி இயக்குநர். நான் ஜோன்ஸ், அவனுக்குத் திரைக்கதை எழுதுகிறவன். தாராவியில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து துப்பறிகிற படம். சுவரில் ஆறு சீட்டுகள்: திருட்டு, குழு, தப்பான ஆள், துரத்தல், நிஜத் திருடன், மன்னிப்பு. கடைசிச் சீட்டில் பத்ரி தன் கையாலேயே ‘20 விநாடி’ என்று எழுதியிருந்தான்.

“தப்பான ஆள் இல்லாம டிடெக்டிவ் படம் ஏதுடா? இன்டர்வெல்லுக்கு முன்னாடி பசங்க ஒரு அப்பாவியப் புடிக்கணும், ஆடியன்ஸ் சிரிக்கணும். கடைசியில ஒரு சாரி. அவர் ஒரு சாக்லேட் குடுப்பார். கதம், முடிஞ்சுடுத்து.”

“அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆகும்?”

“எந்த ஆளுக்கு?”

“தப்பான ஆளுக்கு.”

“அவருக்கென்ன ஆகப்போறது? அதுக்கப்புறம் அவர் ஃப்ரேம்லயே இல்லையேடா!”

செம்பூருக்குத் திரும்பி வந்து, திரைக்கதை எழுத உட்கார்ந்தவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்ரிக்குத் தெரிந்தால் திட்டுவான். திட்டட்டும்.

2

முதல் வரியை மூன்று தரம் எழுதினேன்.

‘2002 மே மாதம் எங்கள் சந்தில் பாத்திரங்கள் காணாமல் போயின.’ பரவாயில்லை, நிற்கும்.

‘பதினோரு வயது ஜோன்ஸ் பிறவியிலேயே துப்பறியும் மூளை’ சீ, அடித்தாயிற்று.

‘ரோசம்மா அக்கா வீட்டு அலமாரியில் எங்கள் தூக்குச்சட்டி இருந்ததற்குக் காரணம்’ இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் மர்மம் போய்விடும். மர்மக்கதை எழுதுகிறவன் தனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தத் தொழில் பதினோரு வயதிலேயே கைவந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை.

3

ஆகவே மர்மம் வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை வாசலில் காயவைப்பது தாராவியில் எங்கள் சந்து வழக்கம். அந்த மே மாதம் இரண்டு வாரத்தில் நான்கு வீட்டுப் பாத்திரங்கள் போயின. டிவியில் துப்பறியும் தொடர் பார்த்துப் பார்த்துக் கிறுக்குப் பிடித்திருந்த எங்களுக்கு இது திருவிழா. எதிர்வீட்டு ஜெனிஃபர், மாடிவீட்டு நெல்லையப்பன், நான். நோட்டுப் புத்தகம் என்னிடம் இருந்ததால் நான் தலைவன்.

ரோசம்மா அக்கா சந்தின் கடைசிக் கோலியில், ஒற்றை அறை வீட்டில், மூன்று வயது மகள் சுனிதாவுடன் இருந்தார். அந்தப் பிப்ரவரியில்தான் கணவர் இறந்திருந்தார். அக்காவுக்கு அப்பளக் கம்பெனியில் வேலை. நாங்கள் தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போனோம். ஜெனிஃபர் அலமாரியிலிருந்த தூக்குச்சட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் என் அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது: து. தனசீலன்.

“பக்டா! பக்டா! புடிச்சாச்சு!” என்று கத்திக்கொண்டே நெல்லையப்பன் சந்து முழுக்க ஓடினான்.

(பத்ரி, இந்த இடத்தில்தான் ஆடியன்ஸ் சிரிக்கும். நாங்களும் சிரித்தோம்.)

4

இனி அந்த முடிக்காத வாக்கியம்.

நம் வீடுகளில் பலகாரமோ குழம்போ வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த ஈஸ்டருக்கு அம்மா ரோசம்மா அக்காவுக்குக் கறிக்குழம்பு கொடுத்துவிட்டார். திருப்பிப் போட அக்காவிடம் ஒன்றுமில்லை. இன்றைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று நாள் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் சித்தியின் பிரசவத்துக்காக அம்மா நாசரேத்துக்குப் போய்விட்டார். குழம்பு போனது அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான்.

கூட்டம் கூடிவிட்டது. ரோசம்மா அக்கா சுனிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: “அக்காதான் ஈஸ்டருக்குக் குடுத்துவிட்டாவ. வெறுஞ்சட்டிய எப்படிக் கொண்டாந்து நீட்ட? ஏதாச்சும் போட்டுக் குடுப்போம்னு வச்சிருந்தேன்.”

“ரெண்டு மாசமா ஒரு கை சீனிகூடவா கெடைக்கல ஒனக்கு?” என்று கேட்டார் ஆறுமுகத்தாய். அவர் வீட்டில் இரண்டு குடம் போயிருந்தது. யாரோ சிரித்தார்கள்.

“ஜோன்ஸ்தான் கொண்டுவந்தான். அவன்ட்ட கேளுங்க.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏலே, நீயா கொண்டு குடுத்த?”

ஜெனிஃபர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லையப்பன் மூச்சு வாங்க நின்றான். எங்கள் குழுவின் முதல் வழக்கு, முதல் வெற்றி. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் வழக்கே இல்லை.

“ஞாபகம் இல்லப்பா” என்றேன்.

ஊருக்கு ஒரு போன் போட்டு அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பத்ரியும் அதை லாஜிக் ஓட்டை என்பான். பிரசவ வீட்டுக்கு இதற்கெல்லாமா போன் போடுவது, பிறகு பார்க்கலாம் என்றார் அப்பா. வாழ்க்கையில் இருக்கும் ஓட்டைகளை எந்தத் தயாரிப்பாளரும் கேள்வி கேட்பதில்லை.

5

பத்து நாளில் ரோசம்மா அக்கா கோலியைக் காலி செய்தார். குழாயடியில் யாரும் அவருக்கு இடம் விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஜூனில் அம்மா வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். “பாவி, நீதானல கொண்டு போன!” அம்மாவிடமும் ஞாபகம் இல்லை என்றேதான் சொன்னேன். அம்மா சயான், குர்லா என்று விசாரித்து அலைந்து பார்த்தார், கிடைக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

நிஜத் திருடன் யார் என்று கேட்காதீர்கள். கடைசிவரை தெரியவில்லை. ரோசம்மா அக்கா போன பிறகும் இரண்டு பாத்திரங்கள் காணாமல் போயின. ‘தப்பான ஆள் போன பிறகும் திருட்டு நடக்கிறது, ஆகவே’ என்று படத்தில் பிள்ளைகள் யோசிப்பார்கள், அடுத்த சீட்டுக்குத் தாவுவார்கள். எங்கள் சந்தில் யாரும் யோசிக்கவில்லை. நான் நோட்டுப் புத்தகத்தில் ‘வழக்கு முடிந்தது’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

இந்த ஜோன்ஸைப் பற்றி எனக்கே சந்தேகம் வருகிறது. பதினோரு வயதுப் பையனுக்கு இவ்வளவு கணக்கு இருக்குமா? பயத்தில் உளறியிருப்பான் என்று மாற்றி எழுதினால் வாசகருக்கு அவன்மேல் இரக்கம் வரும். எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன்.

6

முடிவுகள்.

ஒன்று, பத்ரியுடையது. மூன்று பிள்ளைகளும் வரிசையாக நிற்கிறார்கள். தலைவன் சொல்கிறான்: “நான்தான் அக்கா கொண்டுவந்தேன். எனக்கு ஞாபகம் இருந்துச்சு.” அக்கா அவன் காதைத் திருகிச் சிரிக்கிறார். இருபது விநாடி. இந்தக் காட்சியை எழுதி அனுப்பினேன். “ஃபர்ஸ்ட் கிளாஸ்டா, கண்ணுல ஜலம் வந்துடுத்து” என்று பத்ரி போன் செய்தான். எழுத எனக்கு நான்கே நிமிடம்தான் ஆனது.

இரண்டு, நடந்தது. போன மாதம் ஜெனிஃபர் ரோசம்மா அக்காவின் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். டிராம்பேக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த பெண் சுனிதா. அவளுக்கு இப்போது இருபத்தாறு.

“மம்மி, கோயி ஆயா ஹை” என்றாள் உள்ளே திரும்பி, யாரோ வந்திருப்பதாக.

ரோசம்மா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “யாரு, தனசீலண்ணன் மவனா? அட, வாய்யா! என்னமா வளந்துட்ட! சாய் குடிக்கியா?”

சாய் குடித்தேன். அம்மாவைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த வாக்கியத்தை எடுத்தேன். “அக்கா, அன்னைக்கு அந்தச் சட்டி விஷயத்துல...”

“அத விடுய்யா. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. உன் மேல அறவே இல்ல. பச்சப்பிள்ள, உனக்கு ஞாபகம் இல்ல. இருந்திருந்தா சொல்லியிருப்ப. இவகிட்ட எத்தன வாட்டி சொல்லியிருக்கேன் தெரியுமா? அந்தச் சந்துல ஒரு பய மட்டும் பொய் சொல்லல, மறந்துதான் போனான்னு.” பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “மறந்துதானல்லா போன?”

சுனிதாவும் பார்த்தாள்.

“ஆமாக்கா” என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கிளம்பும்போது என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, இப்போதும் தின்கிறது.

உண்மையைச் சொன்னால் இருபத்து மூன்று வருஷமாக அவர் பத்திரமாக வைத்திருந்த அந்த ஒரே நல்ல பையனைப் பிடுங்கிக்கொள்வேன், அதனால்தான் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அழகான வரி. அதுவும் பொய். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று, உங்களுடையது.

இதை ஏன் தமிழில், அச்சில், கதை என்று சொல்லி எழுதுகிறேன் தெரியுமா? அக்காவுக்கு வேதாகமத்தைத் தவிர வேறெதையும் வாசிக்கிற பழக்கம் இல்லை. சுனிதாவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. நான் தேர்ந்தெடுத்த இடம் அப்படி: ஊருக்கெல்லாம் கேட்கும், அவர்கள் இருவருக்கு மட்டும் கேட்காது. ஆனால் நீங்கள் வாசிக்கிறீர்கள். டிராம்பே அப்படியொன்றும் தூரமில்லை. நீங்கள் போய் அந்த வீட்டில் உட்கார்ந்து இதை உரக்க வாசித்துக் காட்டலாம். அவர் அழுவாரா, கதவைச் சாத்துவாரா, அட போய்யா என்பாரா, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு இடைஞ்சல். ரோசம்மா என்பது நான் வைத்த பெயர். ஜோன்ஸும் அப்படித்தான். என் பெயரை இங்கே எழுதிப் புண்ணியமில்லை, அதை வைத்து யாரும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய உண்மைப் பெயரை எழுதினால் போதும், நீங்கள் கிளம்பிவிடலாம். எழுதிவிடுகிறேன். அவர் பெயர்