லைலாவின் தலையாட்டல்

மூன்றாவது முறையும் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது குணவதி போனை எடுத்து, "யாரா இருந்தாலும் சரி, எங்கிட்ட ஒண்ணும் பெயராது, வை" என்று சொல்லிவிட்டாள். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பாதிப் பேருக்கு இப்படித்தான் போன் வருகிறது. போலீஸ் என்பான், பேங்க் என்பான், பரிசு விழுந்திருக்கிறது என்பான். இவளுக்கு வந்தது இன்னும் வேடிக்கை. மாநிலத்துப் பெண் கோல்ப் ஆட்டக்காரிகளுக்கு கிளப்பில் புகழ்ச்சுவர் ஒன்று வைக்கிறார்களாம், அதில் இவள் படமும் பெயரும் வரப்போகிறதாம்.

"புது டிசைன் ஸ்கேமர் லா," என்றார் கணவர் கார்த்திகேசு. பிறகு பேப்பரை மடித்துவிட்டு, "ஆனா நீ கோல்ப் ஆடுன கதை அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி?" என்றார். அதுதான் குணவதியையும் குடைந்துகொண்டிருந்தது.

மறுநாள் அந்தக் குரலே நேரில் வந்து நின்றது. சுதர்ஷினி என்ற சின்னப் பெண், கிளப் அலுவலகத்தில் வேலை. குணவதி கம்பிக்கதவைத் திறக்காமலே அவள் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். அசல் மாதிரிதான் இருந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சி என்னை யாரும்மா ஞாபகம் வெச்சிருந்தது?"

"லைலா மேடம்தான் ஆண்ட்டி உங்க பேரைக் கொடுத்தாங்க. உங்களை எடுக்கலன்னா அவங்க பேரும் வேணாம்னுட்டாங்க."

குணவதி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கதவைத் திறக்கத்தான் மனம் வரவில்லை.

லைலா ஜவுளிக் கடைக்காரர் மகள், அவள் அப்பா கிளப்பில் உறுப்பினர். குணவதியின் அப்பா அதே கிளப்பில் புல் வெட்டியவர். மாநிலக் கோப்பை இறுதியாட்டத்தில் இருவரும் மோதினார்கள். கடைசிக் குழி, குணவதி முன்னிலை. அவள் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அவ்வளவு கிட்டே வந்துவிட்டால் எதிராளி 'எடுத்துக்கோ' என்று விட்டுக்கொடுப்பது வழக்கம். வாயால் சொல்லாமல் தலையசைப்பதும் உண்டு. லைலா தலையை அசைத்தாள், குணவதி பந்தை எடுத்தாள். உடனே லைலா நடுவரிடம், "நான் விட்டுக்கொடுக்கலையே" என்றாள். ஒரு அடி அபராதம். அந்தக் குழி போய் ஆட்டம் சமனாயிற்று, அடுத்து வைத்த கூடுதல் குழியில் கோப்பையும் போயிற்று. தோற்றதைக்கூட மறந்திருப்பாள். புல்வெட்டி மகள் திருட்டாட்டம் ஆடினாள் என்று கிளப் முழுக்கப் பேசியதுதான் ஆறவில்லை. அப்பா அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் புல் வெட்டினார். இவள் மட்டையைப் போட்டுவிட்டு பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இப்போது எதற்கு இந்தத் திடீர் பாசம்? கிளப் தலைவர் தேர்தலில் நிற்கிறாளோ? தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துவிட்டால் பழைய கதையை எவரும் கிளற மாட்டார்கள் என்ற கணக்கோ? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், "வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடறேன்," என்று கிளம்பினாள். கார்த்திகேசு காடியை ஓட்டிக்கொண்டுபோய் கிளப்பில் விட்டுவிட்டு வாசலிலேயே காத்திருந்தார்.

லைலா பயிற்சித் தரையில் தனியாக நின்றிருந்தாள். முழங்காலில் பட்டை, தலையெல்லாம் நரை. குணவதிக்கு இரக்கம் வரப்பார்த்தது. இதுவும் ஒரு வித்தையாக இருக்கும் என்று அதை அடக்கிக்கொண்டாள்.

"உனக்கு என்ன வேணும் லைலா?"

லைலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கி நான் தலையாட்டினேன் குணா. நெசமாத்தான் ஆட்டினேன். எங்கப்பா பார்த்துக்கிட்டு இருந்தாரு. பயந்துட்டேன்."

இத்தனை வருடமாக இந்த வார்த்தைக்காகத்தான் ஏங்கியிருந்தாள். வந்தபிறகோ கோபம்தான் மூண்டது. ஊர் பார்க்கச் செய்த காரியத்துக்கு ரகசியமாக ஒரு மன்னிப்பா?

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? எனக்குத்தான் தெரியுமே," என்றாள். வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தைக் காட்டினாள். "அன்னைக்கி பார்த்தவங்க பாதிப் பேரு அங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்கக்கிட்ட போயி சொல்லு. சத்தமா சொல்லு. அப்பறம் என் படத்தை எங்க வேணாலும் மாட்டிக்கோ."

லைலா வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். புல்தரை முடிந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது, இடப்பக்கம் வராந்தா, வலப்பக்கம் காடிகள் நிற்கும் இடம். வராந்தாவிலிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். லைலா கையை உயர்த்தினாள், ஆனால் நடை நிற்கவில்லை. குணவதி அவள் முகத்தையோ கையையோ நம்பத் தயாராக இல்லை. பாதை பிரியும் இடத்தை நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.