படகைத் திருப்புகிறவன்

பயாஸ் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காலையிலும் ஷாஹிஸ்தாவுக்குப் படுக்கைக்கே காபி வந்தது. தம்ளருக்கு அடியில் காகிதக் கைத்துண்டு ஒன்றை முக்கோணமாக மடித்து வைத்திருந்தான். சேலம் சூரமங்கலத்தில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்கிற வாடகை வீட்டில், முக்கோணக் கைத்துண்டு!

“காபி பிரமாதம். டிப்ஸ் எவ்வளவு வைக்கணும்?” என்றாள்.

பயாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகாது. செல்போனில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மாலத்தீவில் சுற்றுலாக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் படகில் அவனுக்கு வேலை. அவர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போக வேண்டும், தீவு தீவாகச் சுற்றிக் காட்ட வேண்டும். கடலுக்குள் போய்விட்டால் சிக்னல் கிடைக்காது. கரை திரும்பியவர்கள் போடும் வீடியோக்களின் ஓரத்தில் வெள்ளைச் சட்டையும் கையில் துண்டுமாக நிற்பான். எல்லோருக்கும் ஒரே அளவில் அந்தச் சிரிப்பு. கட்டியவன் நலமாக இருக்கிறானா என்பதை யாரோ எவரோ எடுத்த வீடியோவில் தேடித் தெரிந்துகொள்கிற பிழைப்பு, கல்யாணமான நாளிலிருந்து.

அதனால்தான் இந்த முறை அவன் கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லிவிட்டாள். “வந்தா வந்ததுதான். திரும்பப் போறதா இருந்தா ஷிரீனைக் கூட்டிக்கிட்டு எங்க அத்தா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க.”

“இருந்துடறேன் ஷாஹி,” என்றான் பயாஸ், யோசிக்காமலே.

அவளுடைய தகப்பனார் ஷஃபியுல்லாவுக்கு ராசிபுரத்தில் நெய்க்கடை. இனிக் கடையைப் பார்த்துக்கொள்ளப்போகிற மருமகனுக்கென்று புது நாற்காலியே வாங்கிப் போட்டிருந்தார். நேற்றுப் போனபோது பயாஸ் அதில் உட்கார்ந்தான், டின்னைத் திறந்து முகர்ந்து “ஆஹா” என்றான், மாமனார் சொன்னதற்கெல்லாம் “சரிங்க மாமா” என்றான். எல்லோருக்கும் சந்தோஷம். ஷாஹிஸ்தாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள். ஒரு வார்த்தை திட்டமாட்டானா என்று பார்த்தாள். “நல்லா இருக்கு ஷாஹி,” என்று தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. “எங்கத்தாவுக்குப் படகுல வேலைன்னா கிளாஸ்ல யாருமே நம்ப மாட்டேங்கறாங்க,” என்று ஆறு வயது ஷிரீன் சிணுங்க, மூவரும் பூலாம்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே காவிரி அகன்று கிடக்கும். அக்கரைக்கு மோட்டார் படகு உண்டு.

படகைப் பார்த்ததும் பயாஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தான். “அக்கா, நீங்க நடுவுல. பெரியவரே, பார்த்து, வழுக்கும்.”

படகோட்டி சின்னுசாமி வாய்விட்டுச் சிரித்தார். “ஏனுங்க, உங்க பொழப்பும் இதேதானுங்களா? கை குடுக்கறதுலயே தெரியுதுங்க!”

அவ்வளவுதான், பயாஸ் இஞ்சின் பக்கம் போய் அவரோடு உட்கார்ந்துவிட்டான். முன்பலகையில் மகளோடு இருந்த ஷாஹிஸ்தாவுக்கு எல்லாம் கேட்டது. இஞ்சின் சத்தத்தில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அங்க மீன் புடிச்சு விப்பாங்களா?”

“இல்லீங்க. பிடிப்பாங்க, தூக்கி வெச்சு போட்டோ எடுப்பாங்க, திரும்பக் கடல்லயே விட்டுடுவாங்க.”

“அட கெரகமே! வுடறதுக்கு எதுக்குங்க புடிக்கோணும்?”

“அதுதான் அவங்களுக்குப் பெருமை. விடற வேலை என்னோடது. வாலைப் பிடிச்சு, தண்ணிக்கு எதிரா தலையைக் காட்டி, மூச்சு வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும். ஒரு உதறு உதறும். அப்பத்தான் கையை எடுக்கணும்.”

ஷிரீன் திரும்பிப் பார்த்தாள். “அத்தா, எல்லா மீனும் பொழச்சுக்குமா?”

“எல்லாம் பொழச்சுக்கும் கண்ணு!”

குழந்தை தண்ணீரின் பக்கம் திரும்பியதும் அவன் சின்னுசாமியின் பக்கம் சாய்ந்து சொன்னான்; காற்று அதையும் ஷாஹிஸ்தாவிடம் கொண்டுவந்தது. “சிலது பொழைக்காதுங்க. கொஞ்ச தூரம் போய் மல்லாந்துடும். கெஸ்ட்டு பாத்தா மனசு கெட்டுடும். அதனால விட்ட உடனே படகைத் திருப்பிடுவோம். ‘அதோ டால்ஃபின்’னு எதையாச்சும் காட்டுவோம்.”

“நல்ல ரோசனைதானுங்க. மறுக்கா எப்பப் போறீங்க?”

“இருபதாம் தேதி. டிக்கெட் வந்துருச்சு.”

ஷாஹிஸ்தா திரும்பவில்லை. படகு அக்கரையைத் தொட்டு, ஆளை இறக்கி ஏற்றி, இக்கரைக்கு வந்து சேரும் வரைக்கும் ஷிரீனின் பாவாடை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடியே இருந்தாள்.

கரையேறியதும் மீன் வறுவல் கடை ஓரத்தில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு அவனருகே வந்தாள். “இருபதாம் தேதியா?”

அந்தச் சிரிப்பு சட்டென்று வந்தது. “மொதல்ல சாப்பிடலாம் ஷாஹி. இங்க வறுவல் சூடா…”

“படகைத் திருப்பாதீங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அது இல்லாத அவன் முகத்தை அவள் அதிகம் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே வெயில் தின்ற கறுப்பு. பத்து வயது கூடியவன் போலிருந்தான்.

“மூணு நாள் எல்லாரையும் நல்லா வெச்சுக்கத் தெரியும்,” என்றான் மெதுவாக. “மூணு நாள்ல கெஸ்ட்டு எறங்கிடுவாங்க. நாலாவது நாள் என்ன பேசறது, எங்க உக்கார்றதுன்னு எனக்குத் தெரியலை. ஒவ்வொரு லீவுலயும் நாலாவது நாள்லேருந்து, எப்படா கெளம்புவோம்னு இருக்கும்.”

“என்கிட்டயுமா?”

“உன்கிட்டதான் ரொம்ப.”

“அப்ப அத்தா கடை?”

“அந்த நாற்காலியில உக்காந்தப்ப மூச்சு முட்டிருச்சு.”

“என் மேல பிரியமே இல்லியா?”

“இருக்கே. அதனாலதான் தேதியைச் சொல்ல வாய் வரலை.”

ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லிவிடு என்று எத்தனை வருடம் அவனிடம் முட்டியிருக்கிறாள்! சொல்லிவிட்டான். வறுவல் தட்டு வந்தது. ஷிரீன் மட்டும் சாப்பிட்டாள்.

சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ராசிபுரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. “நன்னா வீட்டுக்குப் போறோம்,” என்று ஷாஹிஸ்தா சொன்னதும் ஷிரீன் குதித்தாள். தாத்தா கடையின் நெய்முறுக்கு அவளுக்கு உயிர்.

பயாஸ் போகாதே என்று சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கி ஏற்றிவிட்டு, வழக்கம்போல ஷாஹிஸ்தாவின் முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தான். அவள் உதறவில்லை. அந்தக் கையில் ஒரு கணம் முழுப் பாரத்தையும் வைத்தே ஏறினாள்.

“பார்த்து, படி,” என்றான்.

பஸ் நகர்ந்தது. “அத்தாவுக்கு டாட்டா காட்டணும்,” என்று ஷிரீன் அவள் மடியைத் தாண்டி ஜன்னலுக்கு எம்பினாள். ஷாஹிஸ்தா அவளுக்கு முந்தியே பார்த்துவிட்டாள். பழக்கடை மறைவில் பயாஸ் குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது.

சட்டென்று குழந்தையின் தாடையைப் பிடித்து எதிர் ஜன்னல் பக்கம் திருப்பினாள். “ஷிரீன், அங்க பாரு! போர் போடற ரிக்கு வண்டி எவ்ளோ பெருசா போகுது!”

“எங்கேம்மா?”

அந்தப் பக்கம் ஒரு வண்டியும் இல்லை. பஸ் வளைந்து வெளியே வந்தது.

“போயிடுச்சு கண்ணு,” என்று ஷாஹிஸ்தா சிரித்தாள். “இன்னொண்ணு வரும். அந்தப் பக்கமே பாத்துட்டு இரு.”