பின்பக்க பேரிங்கின் தாய்மாமன்

பேரிங்கைக் கழற்ற வேண்டுமென்றால் அதன் தாய்மாமன் நேரில் வர வேண்டும். சுத்தியலால் தட்டலாம், புல்லர் போட்டு இழுக்கலாம், கேஸ் வைத்துச் சுடலாம். மாமன் வராமல் அது அசையாது. பொள்ளாச்சியில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். இந்த மரகதம் கைக்கு மசியாத பேரிங் இன்னும் பிறக்கவில்லை. கை மட்டும் காரணமில்லை, முறை தெரிந்து கூப்பிடுகிற வாயும் எனக்கு உண்டு.

திருமூர்த்தி ஜீப்பைக் கொண்டுவந்தபோது சூப்பர்சார்ஜரில் ஒரே கீச்சுச் சத்தம். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற பெட்டி அது. அது ஓடாவிட்டால் அந்த ஜீப் வால்பாறை ஏறாது. வெள்ளிக்கிழமை ஏறியே ஆக வேண்டும் என்றான். மலைமேல் கோகிலவாணி என்று ஒரு பெண். அன்றைக்குப் போய்ப் பெண் கேட்காவிட்டால் உடுமலைப் பையனுக்குப் பேசி முடித்துவிடுவார்கள்.

“பஸ்ல போயேன்டா.”

“பொண்ணு கேக்கப் பஸ்லயாக்கா? என்னை எவன் மதிப்பான்?”

அதுவும் சரிதான். பெட்டியைப் பிரித்தேன். முன்பக்க பேரிங்கின் மாமன் பக்கத்துத் தெருக்காரர். புது வேட்டியோடு வந்து நின்றார், பேரிங் மறுபேச்சில்லாமல் கழன்றது. பின்பக்கத்தது அடம் பிடித்தது. விற்ற கடையில் விசாரித்தேன். மாமன் பெயர் நாச்சிமுத்து, ஊர் வால்பாறை என்றார்கள்.

திருமூர்த்தி துள்ளிவிட்டான். “அக்கா, அவர்தான் கோகிலாவோட அப்பா!”

“நல்லதாப் போச்சு போ,” என்றேன்.

நான் பஸ்ஸிலேயே போனேன். நாச்சிமுத்து கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். அந்த பேரிங்கை முதன்முதலில் மாட்டியவர்கள் அவரைப் போனில் கூப்பிட்டார்களாம்.

“தாய்மாமனைப் போன்ல கூப்பிடற வழக்கத்தை எங்கீங்க கண்டீங்க?”

வெற்றிலை பாக்கு, பழம், பட்டு வேட்டி வைத்த தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். கொஞ்சம் முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பெட்டியைச் சுட வைத்து, புல்லரை மாட்டி, அவரைத் தொடச் சொன்னேன். பேரிங் பாதி வந்தது. அப்படியே நின்றுவிட்டது. திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. “விடிஞ்சா வெள்ளிக்கிழமைக்கா!”

நான் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். “அத்தை வரலீங்களா மாமா?”

“நீ என்னைத்தான கூப்பிட்டே? அவளைக் கூப்பிட்டியா?”

அட, என் புத்தியைச் செருப்பால் அடிக்க! மாமனை அழைத்துவிட்டு அத்தையை விட்டால் எந்த வீட்டில் விசேஷம் நடக்கும்? உடனே மறுபடி மலை ஏறி, குங்குமம் கொடுத்து, சேலை கொடுத்து, வாய் நிறைய அழைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ரங்கநாயகி அத்தை மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே பேரிங் தானாகக் கழன்று தட்டில் விழுந்தது.

திருமூர்த்தி என் காதைக் கடித்தான். “எல்லாரும் இங்கயே இருக்காங்க. இப்பவே கேட்டுடட்டுமாக்கா?”

“வேலை முடியட்டும்டா, பறக்காதே.” எதையும் வரிசையாகச் செய்கிறவள் நான்.

ஃப்ரீசரிலிருந்து புதுப் பேரிங்கை எடுத்து, மாமன் மடியில் உட்கார வைத்து, பிறகு சூடான பெட்டிக்குள் இறக்கினேன். சில்லென்றிருந்த பேரிங் சுகமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஜீப்பை முடுக்கினால் கீச்சு இல்லை, உறுமல் மட்டும்தான். எனக்கே என்மேல் ஆசையாக இருந்தது.

திருமூர்த்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனான். “மாமா, கோகிலாவை எனக்குக் கட்டிக் குடுங்க.”

“அதெப்படிங் தம்பி?” நாச்சிமுத்துவின் கையில் பழைய பேரிங் இருந்தது. “முறைமாப்பிள்ளை இருக்கறப்ப வெளியில குடுக்க முடியுங்களா? இத்தனை நாள் வேலையில மாட்டிக்கிட்டிருந்துது. இப்பத்தான் ஒழிஞ்சிருக்குது.”

முறை முறைதான்.

“கொஞ்சம் சத்தம் போடுமுங்களே,” என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

“உங்க மாமா போடாத சத்தமா?” என்றார் அத்தை.

கோகிலவாணி திருமூர்த்தியை ஒருமுறை பார்த்தாள். பேரிங்கை வாங்கி விரலால் சுழற்றிப் பார்த்தாள். “சரிங்கப்பா,” என்றாள்.

திருமூர்த்தி வாய்விட்டு அழுதான். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். தங்கமான பையன்.

அடுத்ததாக மாப்பிள்ளை வீட்டார் யார் என்ற பேச்சு வந்தது. பேரிங் வளர்ந்தது திருமூர்த்தியின் ஜீப்பில், அவன் ஊற்றிய ஆயிலில். அப்பா ஸ்தானம் அவனுக்குத்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கோகிலவாணி பேரிங்கை முந்தானையில் முடிந்துகொண்டு அவன் காலில் விழுந்தாள்.

“ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா.”

நான் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு அரிசியில் மஞ்சளைக் கலந்து அவனிடம் நீட்டினேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அள்ளித் தூவினான்.

“நல்லா இரும்மா மருமகளே,” என்றான்.